நகர்ந்துகொண்டே இருந்த ஜீரோ: ஒரு .375 ரைபிளின் ஸ்கோப் மவுண்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

ரைபிள் இருப்பது ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், டார்வின் பக்கம். என் சித்தி மகனுடையது. அவன் அங்கே குடியேறிப் பல வருடமாகிறது. முறையான உரிமம் வைத்திருக்கிறான். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கப்பலில் கொண்டுபோய் விடப்பட்டு, காட்டில் பெருகி, சதுப்பு நிலங்களைப் பாழாக்கும் எருமைகளைச் சுடுவதற்காக வாங்கியது. நம் கண்மாய்களில் மூக்கு மட்டும் தெரியப் படுத்திருக்கும் எருமையின் இனம்தான். ஆனால் அங்கே யாருக்கும் கட்டுப்படாத காட்டு விலங்கு. காயம்பட்டால் திரும்பி வரும். அதனால் குண்டு எங்கே போகும் என்பதில் சந்தேகம் இருக்கவே கூடாது.

ஸ்கோப் (ரைபிளின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) காட்டும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாக இருக்கும்படி வைப்பதுதான் ஜீரோ. அது நகர்ந்துகொண்டே இருந்ததில் சந்தேகம் வந்ததால்தான் என்னைக் கூப்பிட்டான். மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு டூல் ரூம். ஜிக், ஃபிக்ஸர், டை என்று இறுக்கிப் பிடிக்கும் சமாச்சாரங்களே என் பிழைப்பு. துப்பாக்கிக் கடை சொன்ன பதில் அவனுக்குத் திருப்தியாக இல்லை. "அண்ணே, ஸ்கோப் உள்ளுக்குள்ள உடைஞ்சு போச்சுங்கிறாங்க. மாத்தியும் பாத்துட்டேன். புதுசும் அதே கூத்துதான் பண்ணுது" என்றான். இரண்டு ஸ்கோப்பும் ஒரே மாதிரி தப்புச் செய்தால், தப்பு ஸ்கோப்பில் இருக்க வாய்ப்புக் குறைவு. அங்கிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது. முழுவதும் வீடியோ அழைப்பிலும் படங்களிலும் நடந்தது. கை அவனுடையது, கண் என்னுடையது.

இருந்த நிலை

.375 எச் அண்ட் எச் மாக்னம் தோட்டாவுக்கான ரைபிள், போல்ட் ஆக்ஷன் (கையால் போல்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது). ஸ்கோப் இல்லாமல் 4.1 கிலோ. மேலே 3-12x56 ஸ்கோப், 30 மி.மீ. குழல், எடை 680 கிராம். ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) மேல் திருகிய வீவர் வகை அலுமினிய பேஸ் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 6-48 அளவு ஸ்க்ரூ இரண்டு. அவற்றின் மேல், ஸ்கோப் குழலைச் சுற்றிப் பிடிக்கும் அலுமினிய ரிங் இரண்டு. பேஸும் ரிங்கும் சேர்ந்ததுதான் மவுண்ட். 56 மி.மீ. முகப்பு லென்ஸ் துப்பாக்கிக் குழாயில் முட்டாமல் இருக்க உயரமான ரிங் போட்டிருந்தார்கள்.

நூறு மீட்டரில் முதலில் மூன்று குண்டும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். தொடர்ந்து சுட்டால் குண்டு விழும் இடம் மெல்லக் கீழே இறங்கும், கூடவே ஒரு நாள் இடப்பக்கமும் மறுநாள் வலப்பக்கமும் ஒதுங்கும். ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் 100 மி.மீ.க்கு மேல் விலகிவிடும். திருத்தினால் சரியாகும், மறுபடி விலகும்.

குண்டு சிதறவில்லை, மெதுவாக நகர்கிறது என்பது முக்கியமான தகவல். உள்ளே லென்ஸ் கழன்ற ஸ்கோப் பெரும்பாலும் தாறுமாறாகத் தெளிக்கும். ஏதோ ஒரு மூட்டு ஒவ்வொரு அடிக்கும் துளித்துளியாக இடம் மாறினால்தான் இப்படிச் சீராக நகரும்.

அடி எவ்வளவு?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் மவுண்ட் பற்றிப் பேசுவது வீண். .375-இன் வழக்கமான 300 கிரெயின் குண்டு 19.4 கிராம் எடை. விநாடிக்கு 770 மீட்டர் அளவில் வெளியேறுகிறது. குண்டு குழாய்க்குள் இருக்கும் நேரம் சுமார் 1.4 மில்லி விநாடி. அதற்குள், ஸ்கோப்போடு 4.9 கிலோ இருக்கும் அந்த ரைபிள், விநாடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் பின்னால் வரத் தொடங்கிவிடுகிறது. சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல 250 மடங்கு. சராசரியை விட உச்சம்தான் கெட்டது. தோட்டா அறைக்குள் அழுத்தம் 4,000 பார் அளவைத் தொடும் கணத்தில் முடுக்கம் 600 மடங்கை நெருங்கும். 680 கிராம் ஸ்கோப் அந்தக் கணத்தில் மவுண்டை இழுக்கும் விசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம்.

அது எந்தத் திசையில் இழுக்கிறது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். ரைபிள் பின்னால் போகிறது. ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதாவது ரைபிளை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னால் நழுவுகிறது. பெரியார் பஸ் நிலையத்தில் டிரைவர் சடாரென்று வண்டியை எடுத்தால் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் வண்டி போகும் திசைக்கு எதிரே சாய்வாரே, அதேதான்.

இப்போது எதிர்ப்பக்கம். 6-48 ஸ்க்ரூ 3.5 மி.மீ. விட்டம். 2.5 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (திருகும் விசையில்) இறுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 350 கிலோ அழுத்தம் தரும். நான்கும் ஒழுங்காகப் பிடித்தால் 1,400 கிலோ. உலோகத்தின் மேல் உலோகம், உராய்வு 0.15 என்று வைத்தால், வெறும் உராய்வு தாங்கக்கூடியது 210 கிலோ. வருவதோ ரிங் எடையையும் சேர்த்தால் 400-ஐத் தாண்டும். மிச்சத்தை யார் சுமப்பது? ஸ்க்ரூவின் தண்டு, குறுக்காக. இறுக்கிப் பிடிப்பதற்காகச் செய்த ஸ்க்ரூவை நாம் வெட்டு விசை வாங்கும் ஆணியாக்கிவிடுகிறோம்.

சாதாரண .30-06 ரைபிளில் பின்னடி இதில் பாதியளவுதான். அங்கே இந்தக் குறை பல வருடம் வெளியே தெரியாமலே ஓடும். .375-க்கும் .458-க்கும் மன்னிப்புக் கிடையாது. அடியை வாங்க வேண்டியது ஒரு தோள், ஒரு சாவி, ஒரு காடியின் சுவர்; முகத்தோடு முகம் முட்டும் உலோகம். ஸ்க்ரூவின் வேலை அந்த முகங்களை விலகாமல் சேர்த்து வைப்பது மட்டும். எங்கள் டூல் ரூமில் பிரஸ் டை மாட்டும்போது டவல் பின் (இடம் நகராமல் பிடிக்கும் ஆணி) இல்லாமல் போல்டை மட்டும் நம்பி யாரும் மாட்ட மாட்டோம். ரைபிளின் மேல் மட்டும் ஏன் நம்புகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மூன்று மூட்டு, மூன்று கோடு

ஸ்கோப்புக்கும் ரைபிளுக்கும் நடுவே மூன்று மூட்டுகள்: குழலுக்கும் ரிங்குக்கும், ரிங்குக்கும் பேஸுக்கும், பேஸுக்கும் ரிசீவருக்கும். எது நகர்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் மெல்லிய கோடு போடச் சொன்னேன், முன்னும் பின்னும். பிறகு சுட்டுவிட்டுப் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பினான்.

குழல்–ரிங் கோடு இரண்டிலும் லேசாக உடைந்திருந்தது. குழல் முன்னால் போயிருந்தது. ரிங்–பேஸ் கோடு முதல் குண்டிலேயே நன்றாக விலகி, அதன்பின் அசையவில்லை. பேஸ்–ரிசீவர் கோடு பின் பேஸில் அப்படியே இருந்தது. முன் பேஸில் விலகியிருந்தது, அதுவும் சற்றுத் திரும்பினாற்போல.

நடுவிலுள்ளதன் கதை எளிது. ரிங்கின் குறுக்கு போல்ட் பேஸில் உள்ள காடியில் உட்காரும். காடி போல்டை விடக் கொஞ்சம் அகலம். அந்த இடைவெளியில் போல்ட் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தால், முதல் அடியில் ஸ்கோப் முன்னால் பாய்ந்து முன்சுவரில் மோதி நிற்கும். அதுதான் நடந்திருக்கிறது. மாட்டும்போதே ரிங்கை விரலால் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கியிருந்தால் இந்தப் பாய்ச்சலே இருந்திருக்காது. காசு செலவில்லாத வேலை.

குழல் நழுவியதற்குக் காரணம் ரிங்கைத் திறந்ததும் தெரிந்தது. ரிங்கின் உள்முகத்தில் ஓரங்களில் மட்டும் பளபளப்பு, நடுவில் கறுப்புப் பூச்சு அப்படியே. இரண்டு ரிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை; குழலைப் பக்கத்துக்கு ஒரு விளிம்பு மட்டும் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. போதாக்குறைக்குத் துரு வராமல் இருக்க எண்ணெய் தடவியிருந்தார்கள். குழல் நழுவினால் ஸ்கோப் கண்ணிலிருந்து தள்ளிப் போகும், குழலில் கீறல் விழும். ஆனால் குண்டு நூறு மில்லிமீட்டர் கீழே போக அது மட்டும் போதாது.

முன் பேஸ்

கெட்டுப்போன இடம் இதுதான். பேஸ்களின் இடைவெளி சுமார் 100 மி.மீ. முன்பக்கம் 0.1 மி.மீ. தூக்கினால் கோணம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும்; நூறு மீட்டரில் அது 100 மி.மீ. முன்பக்கம் தூக்கினால் பார்வைக்கோடு மேல்நோக்கும், இலக்கில் வைத்துச் சுட்டால் குழாய் தாழ்ந்திருக்கும், குண்டு கீழே விழும். அவன் சொன்னதும் அதுவே. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) முன் பேஸின் முன் விளிம்புக்கு அடியில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். 0.10 தகடு உள்ளே போய்விட்டது.

ஆனால் ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றான். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்கிறது. "இதுக்கு மேல எப்படிண்ணே இறுக்குறது?"

இறுக்கச் சொல்லவில்லை, கழற்றச் சொன்னேன். முன் பேஸின் முன் ஸ்க்ரூவைத் தனியாக, பேஸ் இல்லாமல், வெறும் துளைக்குள் விரலால் திருக வைத்தேன். எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணினான். 6-48 மரையில் ஒரு சுற்று 0.53 மி.மீ. துளையின் ஆழம் கணக்காகிவிட்டது. பிறகு ஸ்க்ரூவின் நீளத்தில் பேஸின் தடிமனைக் கழித்துப் பார்த்தால், ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு மேலாகவே நீளம். பேஸைத் தொடுவதற்கு முன்பே அதன் நுனி துளையின் அடியில் முட்டிவிடுகிறது. ரெஞ்சின் 'டிக்' சத்தம் உண்மைதான். ஆனால் அந்த இறுக்கம் முழுவதும் துளையின் அடியில் போய்விட்டது, பேஸுக்கு ஒன்றும் வரவில்லை. பேஸ் பாக்கெட்டில் இரண்டு நீளத்தில் ஸ்க்ரூ இருக்கும். மாட்டியவர் நீளமானதை முன்னால் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பேஸ் ஒரே ஸ்க்ரூவில் நின்றிருக்கிறது. ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் தகடு அதையே அச்சாக வைத்துத் திரும்பும். இடப்பக்கம் ஒரு நாள், வலப்பக்கம் ஒரு நாள் என்ற புதிர் அதோடு தீர்ந்தது.

அவனுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காகப் பட்டறையில் ஒரு சோதனை செய்து காட்டினேன். எம்.எஸ். (மென் எஃகு) கட்டையில் 4 மி.மீ. டேப் போட்ட இரண்டு குருட்டுத் துளை, மேலே ஓர் அலுமினியத் தகடு, முன் விளிம்பில் டயல் கேஜ். இரண்டு ஸ்க்ரூவும் சரியான நீளத்தில், ஒரே டார்க்கில். நைலான் சுத்தியால் தட்டினால் முள் துள்ளிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தது. பிறகு முன் ஸ்க்ரூவை மட்டும் நீளமானதாக மாற்றி, அதே டார்க், அதே சுத்தி. ஒவ்வொரு தட்டுக்கும் முள் கொஞ்சம் நகர்ந்து, திரும்பி வராமல் அங்கேயே நின்றது. அலைபேசியைக் கேஜுக்கு நேராகப் பிடித்திருந்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிண்ணே, எல்லாத்தையும் கழட்டிருவோம்" என்றான்.

வீட்டிலேயே சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு. ஒரு ஸ்க்ரூவை மட்டும் போட்டு இறுக்கி, பேஸை அசைத்துப் பாருங்கள். பிறகு அதைக் கழற்றி அடுத்ததை மட்டும் போடுங்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பேஸைப் பிடிக்க வேண்டும். பிடிக்காதது எதுவோ அதன் நுனியை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். ஆனால் நான்கைந்து மரையாவது துளையில் பிடிக்க வேண்டும்.

புதிதாக எதை மாட்டுவது?

ஸ்க்ரூவைக் குறைத்துப் பழையதையே மாட்டியிருந்தாலும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உராய்வை மட்டும் நம்பும் அமைப்பு அந்த ரைபிளுக்குப் பொருந்தாது.

முதலில் எடையைக் குறைத்தோம். எருமையை ஐம்பது, அறுபது மீட்டரில் சுடுபவனுக்கு 12 மடங்கு பெருக்கமும் 56 மி.மீ. லென்ஸும் எதற்கு? 1.5-5x20 ஸ்கோப் 300 கிராம் அளவில் கிடைக்கிறது. மவுண்ட் தாங்க வேண்டிய விசை பாதிக்கும் கீழே இறங்குகிறது. முன்பக்கம் வீங்காத நேர்க்குழல், அதனால் தாழ்ந்த ரிங் போதும். ஸ்கோப்பின் எடை ரிசீவரை ஒட்டி வரும், முன்னால் குப்புறத் தள்ளும் நெம்பு குறையும். எந்த பிராண்ட் மவுண்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட இந்த ஒரு மாற்றம் அதிகப் பலன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து பேஸ். எஃகில்தான் வேண்டும் என்றேன். பிக்கட்டினி முறையில் காடிச் சுவர் சதுரமாக, முழு அகலத்துக்கு நிற்கும். குறுக்கு போல்ட் அதில் தோள் கொடுக்கும். அமெரிக்க ராணுவம் 1995-இல் மில்-எஸ்.டி.டி.-1913 என்று வகுத்த அளவு அது. அந்த அளவுக்குச் செய்த எந்த ரிங்கும் பொருந்தும். ரிசீவரிலேயே மவுண்டை வெட்டியெடுத்த ரைபிள்கள் இன்னும் மேல். ரூகர் எம்77-இல் ரிங் உட்காரும் இடத்தில் அரைவட்டக் குழி ரிசீவரிலேயே இருக்கிறது, அங்கே பேஸ் என்ற மூட்டே கிடையாது. பழைய ரெட்ஃபீல்டு பாணியில் பின் ரிங்கை இரு பக்கமும் இரண்டு ஸ்க்ரூ மட்டும் அணைத்துப் பிடிக்கும். மென்மையான ரைபிளில் அழகான ஏற்பாடு, பக்கவாட்டுத் திருத்தம் சுலபம். .375-க்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சித்தி மகன் நெம்புகோலால் கழற்றும் எஃகு ரிங்தான் வேண்டும் என்றது சரியான யோசனை. ஆபத்தான விலங்கின் முன் நிற்பவனுக்கு ஸ்கோப்பில் மழைநீர் ஏறினாலோ லென்ஸ் உடைந்தாலோ, சில விநாடியில் கழற்றி வீசிவிட்டு இரும்பு சைட்டில் (ரைபிளிலேயே இருக்கும் சாதாரண குறிமுனையில்) சுட முடிய வேண்டும். டாலி போன்ற தயாரிப்பாளர்களின் நெம்புகோல் ரிங்குகள் பெரிய காலிபர்களில் பெயர் வாங்கியது இதனால்தான்.

துளைகளை 8-40-க்குப் பெரிதாக்கச் சொன்னேன். அது 4.17 மி.மீ. விட்டம், மரைக்கு அடியில் மிஞ்சும் தண்டின் பரப்பு 6-48-ஐவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பெரிய காலிபர் வேலை செய்யும் துப்பாக்கிக் கம்மியர்கள் வழக்கமாகச் செய்வதுதான். இதைக் கை டிரில்லில் செய்யக்கூடாது. மில்லிங் மெஷினில், குழாயின் மையக்கோட்டுக்கு ஜிக் வைத்துச் செய்ய வேண்டும். அங்கே ஒரு கம்மியர் அப்படிச் செய்துகொடுத்தார். பழைய துளைகள் மையத்திலிருந்து லேசாக ஒதுங்கியிருந்ததும் அதிலேயே சரியாகிவிட்டது.

மாட்டிய விதம்

துளை, ஸ்க்ரூ, பேஸின் அடி, ரிசீவரின் மேல்முகம் எல்லாவற்றையும் அசிட்டோனால் துடைத்தான். பேஸை ஸ்க்ரூ இல்லாமல் வைத்து மூலைகளில் விரலால் அழுத்திப் பார்த்தான். பின் பேஸ் லேசாக ஆடியது. ரிசீவரைப் பாலிஷ் போடும்போது வரும் குறை. அடியில் தகரத்துண்டு செருகுவது நம்மூரிலும் உண்டு, அங்கேயும் உண்டு. புள்ளியில்தான் தாங்கும், முகத்தில் தாங்காது. எஃகுத் தூள் கலந்த எப்பாக்சியை மெல்லியதாகத் தடவி, ரிசீவர் பக்கம் ஒட்டாமல் இருக்க மெழுகு பூசி, உட்கார வைத்துக் காயவிட்டோம்.

பேஸ் ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. 8-40-க்கு 3 நியூட்டன் மீட்டர் அளவு, தயாரிப்பாளர் சீட்டில் வேறு எண் இருந்தால் அதுவே. இறுக்கியதும் ரைபிளின் போல்டை இழுத்துத் தள்ளிப் பார்த்தான். பின் ஸ்க்ரூ நீண்டிருந்தால் போல்டில் உரசும்.

ரிங்குகளை மாட்டி, 30 மி.மீ. கிரைண்டிங் செய்த எஃகுத் தண்டில் லேப்பிங் பேஸ்ட் (தேய்த்துச் சமமாக்கும் பசை) தடவி முன்னும் பின்னும் ஓட்டினார் கம்மியர். உள்முகத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாம்பல் நிறம் பரவியதும் நிறுத்தச் சொன்னேன். முழுவதும் வரும்வரை தேய்த்தால் ரிங் பெரிதாகிவிடும். பேஸ்ட் துளிகூட மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். பிறகு வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே, அந்த ராசின் தூளை ரிங்கின் உள்ளே லேசாகத் தூவினோம். பெரிய காலிபர்க்காரர்களின் பழைய கைப்பழக்கம். குழல் நழுவாமல் பிடிக்கும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம் அடுத்தது. இந்த அடிக்கு 90 மி.மீ.க்குக் குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். கண்ணை மூடித் தோளில் வைத்து, திறந்தால் முழு வட்டம் தெரியும் இடம். அதிலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொன்னேன். உட்கார்ந்தோ மேட்டில் சாய்ந்தோ சுடும்போது முகம் தானாக முன்னால் போகும். ரிங் மூடியின் ஸ்க்ரூக்களுக்கு 2 நியூட்டன் மீட்டர், குறுக்குமறுக்காக, இரு பக்க இடைவெளியும் சமமாக. அதற்கு லாக்டைட் போடவில்லை. மரையை வழுக்கலாக்கி அதே டார்க்கில் கூடுதலாக இறுக்கும், குழல் நசுங்கும்.

பிறகு

மறுபடி மூன்று மூட்டிலும் வெள்ளைக் கோடு. புதிய ஜீரோ வைத்ததிலிருந்து ஒரு கோடும் உடையவில்லை. குளிர்ந்த குழாயிலிருந்து போகும் முதல் குண்டு, அவன் வைத்த இடத்திலேயே விழுகிறது. ரிங்கைக் கழற்றி மாட்டினாலும் அப்படியே. குற்றம் சாட்டப்பட்ட பழைய ஸ்கோப்பைத் தயாரிப்பாளரிடம் அனுப்பினான். பழுதில்லை என்று திரும்பி வந்தது.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்போது பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. மேகமலையில் மிளாவைப் பார்ப்பதற்குக் கண்ணும் பைனாகுலரும் போதும், அதுவே சரி. ஆனால் இந்தப் பாடம் இங்கே குறி அட்டையைச் சுடுபவர்களுக்கும் வேண்டும். குறிப்பாக ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு. அதில் அடி இரண்டு திசையிலும் வரும்: பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் போகும், பிஸ்டன் போய் மோதி நின்றதும் ரைபிள் முன்னால் குதிக்கும். அந்தக் குதிப்பில் ஸ்கோப் பின்னால் நழுவும், .375-க்கு நேர் எதிர். அதனால் தடுப்பு ஆணியை ரிங்குக்குப் பின்னால் வைக்க வேண்டும், ஏர் ரைபிளுக்கென்று செய்த ஸ்கோப் வேண்டும். பெரிய ரைபிளின் பின்னடியைத் தாங்கும் விலை உயர்ந்த ஸ்கோப், சின்ன ஸ்பிரிங் ரைபிளில் உடைந்துபோவது இதனால்தான்.

சித்தி மகன் வறட்சிக் காலத்தில், மே மாதத்துக்கு மேல், மறுபடி கிளம்புவான். வண்டியில் டி-15 டார்க்ஸ் பிட், சின்ன டார்க் ரெஞ்ச், சரியான நீளத்துக்குத் தேய்த்துத் தனித்தனி உறையில் 'முன்', 'பின்' என்று எழுதிய உபரி ஸ்க்ரூக்கள் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. பெயிண்ட் பேனாவும் இருக்கிறது.